அடிச்சட்டத்தில் இன்னொரு கை

தொடக்கூடாது என்று மனைவி ஜெபமலர் சொல்லியிருந்தாள். ஆகவே செல்வின் தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின்மேல் உட்கார்ந்திருந்தான். திருவனந்தபுரம் பழவங்காடியில் சொந்தமாக மொபைல் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஆள், நாற்பதை எட்டப்போகிறவன், தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையருகே இப்படி உட்கார்ந்திருப்பதைக் கடைக்கு வருகிறவர்கள் பார்த்தால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். கையை வெளியே விட்டால் அது தானாகப் போய் எதையாவது தொடும் என்பது அவனுக்குத் தெரியும்.

மேசைமேல் ஒரு கண்ணாடித் தகடு. அதன்மேல் நான்கு அங்குல நீளத்தில் பித்தளையில் ஒரு சட்டம். நீராவி ரயில் எஞ்சின் ஒன்றின் சின்ன மாதிரிக்கு அது அடிப்பாகம். கொதிகலனும் புகைபோக்கியும் பிறகு யாராவது செய்துகொள்வார்கள். இப்போது வேண்டியது இந்த அடிச்சட்டம், ஆறு சக்கரம், ஒரு மோட்டார், அவ்வளவுதான். இங்கிலாந்திலிருந்து தட்டையான உறையில் வந்த சாமான். உள்ளே தபால் அட்டை அளவுக்கு ஒரு பித்தளைத் தகடு. அமிலத்தால் அரித்து அரித்து, பாகங்களின் உருவத்தை மட்டும் விட்டுவைத்திருந்தார்கள். ஒவ்வொரு பாகமும் மயிரிழை போன்ற நாக்குகளால் தகட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அதை வெட்டி எடுத்து, பிசிறை அரத்தால் தேய்த்து, மடிக்கிற இடத்தில் மடித்து, ஈயம் வைத்துப் பற்றவைக்கவேண்டும். இரண்டு பக்கத்தகடுகள், நடுவே நான்கு குறுக்குப்பட்டைகள். கேட்பதற்கு எளிது. ஒரு பட்டை ஒரு நூலளவு சாய்ந்தாலும் சக்கரம் முடங்கும்.

ஜெபமலர் மணிக்கட்டை மேசை விளிம்பில் அழுத்திக்கொண்டு சால்டரிங் அயர்னை நீட்டினாள். நுனி நடுங்கியது. பட்டையின் மூலையைத் தேடி, தவறி, மறுபடி தேடியது. செல்வின் மனத்துக்குள் எண்ணினான். கடையில் அவன் ஒரு சார்ஜிங் பின்னை ஒரு நொடியில் பற்றவைப்பான். இவளுக்குப் பதினோரு நொடி ஆயிற்று. ஈயம் ஒருவழியாக உருகி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு உட்கார்ந்தது.

"ஒங்க முட்டு ஆடுது," என்றாள் அவள், தலையைத் திருப்பாமலே. "மேசையும் கூட ஆடுது."

"நான் ஒண்ணும் சொல்லல்லியே பிள்ளே."

"சொல்லாண்டாம். மூச்சையும் அந்தப் பக்கம் திரும்பி விடுங்க. எனக்க கழுத்துல படுது."

அவன் திரும்பி உட்கார்ந்து சுவரைப் பார்த்து மூச்சு விட்டான்.

ஆறு மாதத்துக்கு முன்னால் மழையில் கிழக்கேகோட்டையில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது ஜெபமலர் வழுக்கி விழுந்தாள். வலது மணிக்கட்டு நொறுங்கியது. உள்ளே தகடும் ஏழு திருகாணியும் வைத்துத் தைத்தார்கள். எலும்பு கூடியது, ஆனால் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் மரத்துப்போய்க் கிடந்தன. வேறு வேலை செய்பவளாக இருந்தால் சமாளித்துவிடலாம். அவள் பல் செய்கிறவள். சுந்தரராமனின் பல் லேபில் பதினெட்டு வருடமாக உடைந்த பல்லுக்குக் கிரீடமும் விழுந்த பல்லுக்குப் பாலமும் கட்டுகிறவள். அவள் கட்டிய பல்லை வைத்துக்கொண்டு திருவனந்தபுரத்தில் எத்தனையோ பேர் முறுக்கு தின்கிறார்கள். விரலில் உணர்வில்லாமல் அந்த நாற்காலியில் போய் உட்கார முடியாது.

சுந்தரராமன் கோட்டைக்குள் அக்ரகாரத்தில் பிறந்து வளர்ந்தவர். அதிகம் பேசமாட்டார். லேபில் தன் மேசைக்குப் பின்னால் கண்ணாடி அலமாரியில் பித்தளை எஞ்சின்களை வரிசையாக நிறுத்தியிருப்பார். எல்லாம் அவரே செய்தவை. மூன்று வாரத்துக்கு முன் ஜெபமலரைக் கூப்பிட்டு இந்த உறையைக் கொடுத்தார். "டாக்டர் சர்டிபிகேட்டெல்லாம் எனக்கு வேண்டாம். இதைப் பண்ணிண்டு வா. ஆறு சக்கரமும் தடையில்லாம சுத்தித்துன்னா நீ எந்தப் பல்லையும் கட்டுவே. ஆனா உன் கைதான் பண்ணணும்," என்றார். கடைசி நாள் சனிக்கிழமை. திங்கட்கிழமை முதல் அந்த நாற்காலிக்குக் கொச்சியிலிருந்து ஒருவன் வருவதாகப் பேச்சு இருந்தது. அவனை வரச்சொல்வதா வேண்டாமா என்பது இந்த நான்கு அங்குலப் பித்தளையில் இருந்தது.

முதல் வாரத்திலேயே செல்வின் ஒரு தடவை வாயைத் திறந்துவிட்டான். "அந்த மூலையில ஈயம் சரியா பிடிக்கல்லை" என்று நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். ஜெபமலர் அயர்னைத் தூக்கி எறிந்தாள். தரையில் மேட் கருகியது. அன்றைக்கும் மறுநாளும் அவள் மேசைப்பக்கமே வரவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடந்தாள். அந்த இரண்டு நாள் செல்வினுக்கு இரண்டு வருடம். அதிலிருந்துதான் இந்தக் கைமேல் உட்காரும் ஏற்பாடு.

புதன்கிழமை சாயங்காலம் அவள் குளிக்கப்போனாள். நான்கு பட்டைகளும் பற்றவைத்தாகிவிட்டன. அடிச்சட்டம் கண்ணாடிமேல் இருந்தது. தொடவில்லை, பார்க்கத்தானே செய்கிறோம் என்று செல்வின் செய்முறைத் தாளை எடுத்து விரித்தான். தினமும் மொபைல் போர்டுகளின் வரைபடங்களைப் படித்துப் படித்து அவனுக்குப் படம் என்றால் எழுத்து மாதிரி. மேலிருந்து பார்த்து வரைந்த படம். எஞ்சினின் முன்பக்கம் தாளின் மேல் விளிம்பில். ஏழாம் எண் தகடு இடது, எட்டாம் எண் தகடு வலது. இரண்டும் ஒரு ஜோடிச் செருப்பு மாதிரி. பார்க்க ஒன்று போலிருக்கும், ஆனால் எட்டில் மட்டும் ஒரு சின்னத் துளை உண்டு. மோட்டாரின் கியர் பெட்டியிலிருந்து நீளும் கை அதில்தான் போய் உட்காரவேண்டும்.

அவன் அடிச்சட்டத்தைக் குனிந்து பார்த்தான். துளை இடது பக்கம் இருந்தது.

மறுபடி தாளைப் பார்த்தான், சட்டத்தைப் பார்த்தான். மாற்றமே இல்லை. அவள் இடதை வலதிலும் வலதை இடதிலும் வைத்துப் பற்றவைத்திருந்தாள். மோட்டார் ஏறாது. அது தெரியவருவது எல்லாம் முடிந்து, சக்கரமும் மாட்டி, கடைசியில் மோட்டார் வைக்கும்போதுதான். அதாவது வெள்ளிக்கிழமை சாயங்காலம். அதற்குப் பிறகு அவிழ்த்துக் கட்ட ஏது நேரம்?

கை நடுங்குவது ஒன்று. ஆனால் இடது வலது தெரியாமல் போவதா? நூறு பல்லில் ஒரு பல்லைக்கூட மாற்றிவைக்காதவள், ரேஷன் கார்டில் எழுத்துப்பிழை கண்டுபிடிப்பவள், இப்படி ஒரு தப்புச் செய்வாளா? மாத்திரையாக இருக்கும். தூக்கமில்லாமையாக இருக்கும். விழுந்தபோது தலையிலும் அடிபட்டதோ என்னவோ, யார் கண்டார்கள். அவள் மனம் கலங்கிப்போய்விட்டது, இனி அவளால் முடியாது என்று அவன் அங்கேயே, ஒரு துண்டுத்தாளை வைத்துக்கொண்டு, தீர்ப்பு எழுதிவிட்டான். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சொல்லலாமா என்று ராத்திரிச் சாப்பாட்டின்போது இரண்டு தடவை வாயெடுத்து மென்று விழுங்கினான். சொன்னால் அயர்ன் பறக்கும், சுவரைப் பார்த்துப் படுப்பாள், சனிக்கிழமை போய்விடும். சொல்லாவிட்டாலும் சனிக்கிழமை போய்விடும்.

"என்ன, மீன் கொள்ளில்லியா?" என்று அவள் கேட்டாள்.

"நல்லாருக்கு," என்றான்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு அவளுக்குப் பிசியோதெரபி. ஆஸ்பத்திரி வாசலில் பைக்கை நிறுத்தி அவளை இறக்கிவிட்டான். ஒன்றரை மணி நேரம் ஆகும். நேராகக் கரமனைக்குத் திரும்பி வந்து, வீட்டைத் திறந்து, அடிச்சட்டத்தைப் பஞ்சில் சுற்றி, சாப்பாட்டு டப்பாவில் வைத்து, கடைக்குக் கொண்டுபோய் ஷட்டரைப் பாதி இறக்கினான். திருடப் போகிறவனுக்குக்கூட இவ்வளவு வேர்க்காது.

முதலில் அதைக் கடை மேசையின் கண்ணாடிமேல் வைத்து, நான்கு மூலையையும் விரலால் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தான். சட்டம் நூலளவு முறுகியிருந்தாலும் எதிர் மூலை எழும்பி 'டிக்' என்று தட்டும். தட்டவில்லை. எந்த மூலையை அழுத்தினாலும் அசையவில்லை. அடேயப்பா என்று நினைத்தான். நினைத்துவிட்டு, வெப்பக்காற்று மெஷினைப் போட்டான்.

பட்டைகள் தகட்டில் சேரும் எட்டு மூலையிலும் ஈயத்தை உருக்கி, பக்கத்தகடுகளைப் பிரித்தான். இடம் மாற்றினான். பட்டைகளைச் சதுரம் பார்த்து நிறுத்தி மறுபடி பற்றவைத்தான். அவன் கைக்கு அது இருபது நிமிட வேலை. கஷ்டம் அதற்குப் பிறகுதான் வந்தது. அவன் வைத்த ஈயம் வழவழவென்று, கடுகு அளவில், ஒரு மொபைல்காரனின் கையெழுத்தாகப் பளபளத்தது. அவளுடையது அப்படியா இருந்தது? ஆகவே ஒவ்வொரு மூலையிலும் இன்னும் கொஞ்சம் ஈயத்தைக் கொட்டி, அசிங்கமாக உருட்டிவிட்டான். மனைவியின் நடுக்கத்தைப் பார்த்து எழுதுவது அவனுக்கே அருவருப்பாக இருந்தது. பொய்க் கையெழுத்துப் போடுகிறவன் இப்படித்தான் நாக்கைக் கடித்துக்கொண்டு போடுவான்போலிருக்கிறது. கடைசியில் அதே கண்ணாடியில் வைத்துப் பார்த்தான். ஆடவில்லை.

பதினொன்றரைக்கு ஆஸ்பத்திரி வாசலில் நின்றான். அதற்குள் அடிச்சட்டம் வீட்டு மேசையில், அதே இடத்தில், அதே கோணத்தில் இருந்தது.

அன்று மத்தியானம் அவள் மேசைக்கு வந்து உட்கார்ந்தபோது செல்வின் கடைக்குப் போகவில்லை. தலைவலி என்றான். அவள் அடிச்சட்டத்தைக் கையில் எடுத்தாள், திருப்பினாள். அவள் கண்ணாடியில் வைத்து மூலைகளை அழுத்தினாள்.

"ஆடல்ல," என்றாள். முகம் மலர்ந்தது. "பாத்தியளா? கொஞ்சம்கூட ஆடல்ல. நான் கட்டினது."

"பாத்தேன்," என்றான் செல்வின். இதைவிட அவள் அயர்னை எறிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை சக்கரம். இதைச் செல்வினாலும் எளிதில் செய்திருக்க முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டுதான் பார்த்தான். ஓர் அச்சுக்கு இரண்டு சக்கரம், ஒவ்வொரு சக்கரத்திலும் வெளியே துருத்தி நிற்கும் ஒரு முள். ஒரு பக்கத்து முள் உச்சியில் நிற்கும்போது மறுபக்கத்து முள் சரியாக முன்னால் நிற்கவேண்டும். மூன்று அச்சிலும் இது ஒன்றுபோல அமைய வேண்டும். அப்புறம் இரண்டு பக்கமும் முள்களை இணைத்து ஒரு தண்டு. எஞ்சின் ஓடும்போது மேலும் கீழும் போகுமே, அந்தத் தண்டு. ஓர் அச்சு கொஞ்சம் முந்தினால் தண்டு இழுத்துப்பிடிக்கும், சக்கரம் நிற்கும்.

நின்றது. அவள் கழற்றினாள், திருப்பினாள், மாட்டினாள். நின்றது. காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை அது நின்றுகொண்டே இருந்தது. மரத்துப்போன விரலால் முள்ளைப் பிடித்தால் பிடித்திருப்பதே தெரியாது. அவள் முள்ளை உதட்டில் வைத்துப் பார்த்து எது வளைந்தது எது நேர் என்று கண்டுபிடித்தாள். ஒரு தடவை முள் தெறித்து எங்கோ விழுந்தது. இருவரும் முழந்தாளிட்டுத் தரையைத் தடவினார்கள். அவன்தான் கண்டான். எடுத்துக் கொடுக்கலாமா என்று அவளைப் பார்த்தான்.

"எடுத்துத் தாங்க, அதுக்கென்ன," என்றாள் அவள். சிரித்தாள். வேலை அவள் கைக்கு வந்துகொண்டிருந்தது.

மூன்று மணிக்கு அடிச்சட்டத்தைக் கண்ணாடிமேல் வைத்து, கண்ணாடியை ஒரு பக்கமாகச் சாய்த்தாள். ஆறு சக்கரமும் தாமாக உருண்டு மறுமுனைக்குப் போயின. மறுபக்கம் சாய்த்தாள். திரும்பி வந்தன. தண்டு மேலும் கீழும் போய்வந்தது, ஒரு சத்தம் இல்லை. மோட்டாரை வைத்தாள். கியர் பெட்டியின் கை தானாகவே துளைக்குள் போய் உட்கார்ந்தது. அவள் தலையில் கைவைத்துக்கொண்டு அழுதாள். செல்வினும் அழுதான். இரண்டு பேரும் வேறுவேறு காரணத்துக்கு அழுதார்கள்.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு லேப். ஷிஜா என்ற இளைய டெக்னீஷியன் கதவைத் திறந்து, "சேச்சி வந்நல்லோ!" என்று, சொந்த அக்கா வந்ததுபோல, ஜெபமலரைக் கட்டிக்கொண்டாள். சுந்தரராமன் எழுந்தார். "வாங்கோ செல்வின். உக்காருங்கோ. எங்கேம்மா, குடு பார்க்கலாம்."

மேசையில் ஓர் அடி நீளத் தண்டவாளமும் மின்சாரப் பெட்டியும் தயாராக இருந்தன. அவர் அடிச்சட்டத்தைத் தண்டவாளத்தில் வைத்துக் குமிழைக் கொஞ்சம் திருப்பினார். அசையவில்லை. இன்னும் கொஞ்சம். சக்கரம் நகர்ந்தது. எறும்பு ஊர்கிற வேகத்தில், தண்டு ஏறி இறங்க, ஒரு இடத்திலும் தயங்காமல் மறுமுனைக்குப் போயிற்று. அவர் திருப்பி ஓட்டினார். போயிற்று. ஷிஜா கை தட்டினாள். செல்வின் நாற்காலியில் சாய்ந்தான். முடிந்தது. யாருக்கும் தெரியாமல், யாருக்கும் தீங்கில்லாமல் முடிந்தது.

சுந்தரராமன் அதை எடுத்துக் கவிழ்த்தார். கண்ணில் லென்ஸை வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"இதை உனக்கு யார் சொன்னா?"

"எத சார்?"

"இடது வலது." அவர் லென்ஸை எடுத்தார். "இந்தப் படத்தைப் பார்த்து இந்த லேப்லே நாலு பேர் பண்ணியிருக்கோம், என்னையும் சேர்த்து. நாலு பேரும் தகட்டை மாத்தித்தான் வெச்சோம். பல்லு வேலைக்காரனுக்குத் தாளோட இடது பக்கம் எப்பவும் வலது. பேஷன்ட் நம்மளைப் பார்த்துண்டு உக்காந்திருக்கார், அவரோட வலது நமக்கு இடது. பல்லோட சார்ட் முழுக்க அப்படித்தான். பழகின கண்ணு ரயில் படத்தை மட்டும் வேற மாதிரி பார்க்குமா? மோட்டார் ஏறாம முழிச்சுண்டு வருவா. அவுத்துத் திருப்பிக் கட்டுன்னு இங்கேயே உக்காத்திவெச்சுப் பார்ப்பேன். நீ முன்னாடியே கண்டுபிடிச்சுட்டே. எப்படி?"

செல்வின் அவரைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். மாத்திரையும் இல்லை, தலையில் அடியும் இல்லை. பதினெட்டு வருடத் தொழில் அவள் கண்ணில் அப்படியே இருந்ததற்கு அடையாளம் அந்தத் தப்பு. அதைத்தான் அவன் மனக்கலக்கம் என்று முடிவுகட்டியிருந்தான்.

ஜெபமலர் மேசைமேலிருந்த செய்முறைப் படத்தைத் தன்பக்கம் இழுத்துப் பார்த்தாள். பிறகு லென்ஸை வாங்கி அடிச்சட்டத்தின் மூலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. எட்டு மூலையும் பார்த்தாள்.

"நான் கண்டுபிடிக்கல்ல சார்," என்றாள். "இது எனக்க ஈயமில்ல."

"என்னம்மா சொல்றே?"

"எனக்க மணிக்கட்டு முழுசா திரும்பாது. நான் வைச்ச ஈயம் எல்லாம் ஒரு பக்கமா இழுத்திருக்கும். இது நடுவுல உருண்டிருக்கு." லென்ஸைக் கீழே வைத்தாள். செல்வினைத் திரும்பிப் பார்த்தாள். "எப்பம்?"

பொய் சொல்ல ஒரு நொடி இருந்தது. அவன் அதை எடுத்துக்கொள்ளவில்லை. அதுமட்டும்தான் அந்த வாரத்தில் அவன் உருப்படியாகச் செய்தது.

"வியாழக்கிழமை. நீ பிசியோக்குப் போனப்பம். நீ மாத்தி வைச்சிருந்தே மலரே. சொன்னா நீ ஒடைஞ்சு போவேன்னு..."

"நிறுத்துங்க."

சுந்தரராமன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தொண்டையைச் செருமினார். "சக்கரம்?"

"சக்கரம் அவளுக்கது சார்," என்று செல்வின் அவசரமாகச் சொன்னான். "தண்டு, மோட்டார், எல்லாம் அவதான். நான் தொடவேயில்ல. ஒரு முள்ளு தரையில கிடந்தது, அத எடுத்துக் குடுத்தேன், அவ்வளவுதான்."

"அப்போ போறும்மா. கையோட வேலை சக்கரத்துலேதான் இருக்கு. தகட்டைத் திருப்பி வெக்கறது பெரிய காரியமில்லை. நீ திங்கக்கிழமை..."

"போதாது சார்." ஜெபமலரின் குரல் உயரவில்லை. "அடிச்சட்டம் நேரா இருந்தாத்தான் சக்கரம் ஓடும். இது ஓடுச்சு, இவரு நேரா கட்டினதுனால. நான் கட்டினது நேரா இருந்துதா, கோணலா இருந்துதா? இனி யாருக்குத் தெரியும்?"

"நேராத்தான் இருந்துது!" செல்வின் எழுந்தே விட்டான். "ஆணையிட்டுச் சொல்லுதேன். பிரிக்கதுக்கு முன்னால கண்ணாடியில வச்சு நாலு மூலையும் அமுக்கிப் பாத்தேன். இம்மியும் ஆடல்ல."

"நேரா இருந்துதா?"

"இருந்துது."

"நேரா இருந்தத நீங்க பிரிச்சியளா?"

அவன் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தான்.

"நீங்க சொல்லுதத நான் எப்படி நம்புவேன்?" என்றாள் ஜெபமலர். "வியாழக்கிழமை நான் ஆடல்லன்னு சொல்லிச் சந்தோஷப்பட்டேன். நீங்களும் பாத்தேன்னு சொன்னிய. இப்பமும் பாத்தேன்னுதான் சொல்லுதிய. எனக்க கை எப்படி இருக்குன்னு தெரிஞ்சுக்க எனக்கு ஒண்ணே ஒண்ணு இருந்துது. அதையும் எடுத்தாச்சு."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவனுக்கு ஏதாவது செய்ய இருந்திருக்கும். அவள் சுந்தரராமனிடம் திரும்பி, பக்கத்தகடும் பட்டையும் இன்னொரு ஜோடி இருக்குமா என்று கேட்டாள். அவர் இழுப்பறையைத் திறந்து தேடி, பாகங்கள் வெட்டாத ஓர் உதிரித் தகட்டை எடுத்தார். ஷிஜா அயர்னைச் சூடாக்கினாள். ஜெபமலர் ஆறு மாதமாகக் காலியாக இருந்த தன் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"நீங்க வெளிய இருங்க," என்றாள்.

வெளியே மாடிப்படி. செல்வின் மேல்படியில் உட்கார்ந்தான். கதவு ஒரு சாண் திறந்திருந்தது. உள்ளே தெரிவது ஒரு சுவரும் மின்விசிறியின் நிழலும்தான். கீழே தெருவில் பழவங்காடிப் பக்கம் போகும் வண்டிகளின் இரைச்சல். உள்ளே தகடு வெட்டும் சத்தம், அரம் தேய்க்கும் சத்தம். பிறகு நீண்ட நேரம் ஒன்றும் இல்லை. ஒன்றுமில்லாதபோதுதான் அவள் பற்றவைக்கிறாள் என்று அவனுக்குத் தெரியும். அவன் எண்ண ஆரம்பித்து, நிறுத்திக்கொண்டான். எண்ணுவதற்கு அவன் யார்?

ஒரு மணிக்கு ஷிஜா சாப்பாட்டுப் பாத்திரத்தோடு வெளியே வந்தாள். "சேட்டா, உள்ளே போகண்டா கேட்டோ. சேச்சிக்கு நல்ல டென்ஷன் உண்டு," என்று எச்சரித்துவிட்டுக் கீழே போனாள்.

ஒன்றே முக்காலுக்கு உள்ளே நாற்காலி நகர்ந்தது. கண்ணாடிமேல் பித்தளை வைக்கும் சத்தம்.

டிக்.

தெளிவாகக் கேட்டது. ஆடுகிறது. சட்டம் முறுகியிருக்கிறது. அன்றைக்கு நேராகக் கட்டிய கை இன்றைக்குக் கோணலாகக் கட்டியிருக்கிறது. கோபத்தில் கட்டினால் எந்தக் கை நேராகக் கட்டும்? அந்தக் கோபத்தை உண்டாக்கியவன் வெளியே படியில் உட்கார்ந்திருக்கிறான். அவனுக்கு ஓடிப்போய்ச் சொல்லவேண்டும்போல இருந்தது: முன் இடது மூலையாக இருக்கும், அங்கேதான் பட்டை முதலில் சாயும், அதை மட்டும் சூடாக்கி விரலால் அழுத்தினால் போதும் என்று. எழுந்து கதவுப்பிடியில் கை வைத்தும்விட்டான்.

உள்ளே சுந்தரராமனின் குரல் கேட்டது. "எந்த மூலைன்னு நான் சொல்லட்டுமா?"

"வேண்டாம் சார்."

செல்வின் கையை எடுத்தான். படியில் போய் உட்கார்ந்தான். கடவுளிடம் ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை. கேட்கிற தகுதி இருப்பதாகவும் தோன்றவில்லை. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம். அவளுடைய கையை லேப்காரர் நம்பினார், நம்பியதால்தான் உறையைக் கொடுத்தார். பிசியோதெரபிஸ்ட் நம்பினாள். அவள் அதைத் தானே நம்புவதற்கு முட்டிமோதிக்கொண்டிருந்தாள். நம்பாதவன் ஒரே ஒருவன்தான், அவன் அவள் பக்கத்திலேயே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அன்பு என்று நினைத்துத்தான் செய்தான். அன்புதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த அன்புக்குள் அவள் முடிந்துபோனவளாக இருந்தாள்.

உள்ளே ஈயம் ஒட்டத் தடவும் ஃப்ளக்ஸ் பொசுங்கும் மெல்லிய சீறல். அமைதி. கண்ணாடிமேல் பித்தளை.

டிக். இந்தத் தடவை லேசாக.

மறுபடி சீறல். வெகுநேரம் அமைதி. பித்தளையை வைக்கும் சத்தம். செல்வின் காத்திருந்தான். ஒரு மூலையை அழுத்தியிருப்பாள் இந்நேரம். இரண்டாவது. மூன்றாவது. சத்தம் வரவில்லை. நான்காவது. கீழே ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அது அடங்கிய பிறகும் உள்ளேயிருந்து சத்தம் வரவில்லை.

அவன் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

கதவு திறந்தது. ஜெபமலர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது. முகத்தில் களைப்பைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. பின்னால் சுந்தரராமன் வாசல்வரை வந்து, "திங்கக்கிழமை ஒன்பது மணி. மூணு கேஸ் காத்துண்டிருக்கு," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

செல்வின் எழுந்து நின்றான். "மலரே," என்றான். அதற்குமேல் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை.

அவள் பையிலிருந்து ஒரு சின்ன அட்டைப்பெட்டியை எடுத்து நீட்டினாள். ஆறு சக்கரமும் தண்டும் மோட்டாருமாக, காலையில் தண்டவாளத்தில் ஓடிய அந்த அடிச்சட்டம் பஞ்சில் கிடந்தது.

"இது ஒங்களுக்கது. வச்சுக்கிடுங்க," என்றாள். "எனக்குள்ளது உள்ள மேசையில இருக்கு."

"சக்கரம் நீ மாட்டினதுல்லா?"

"சட்டம் ஒங்களுக்கதுல்லா?"

அவன் பெட்டியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். அவள் அவனுக்காக நிற்காமல் படியிறங்கினாள். அவன் பெட்டியை ஏந்திக்கொண்டு, இரண்டு படி இடைவெளி விட்டு, பின்னாலேயே போனான்.